ரோலர் கோஸ்டர்: உயரம், உடல், நிலம்

1

ரோலர் கோஸ்டர் இன்னும் எவ்வளவு உயரத்துக்குப் போகும் என்பதைப் பொறியியல் கேள்வியாக மட்டும் வைத்துக்கொண்டால் பதில் சுலபம். எஃகுக்கு இப்போதைக்கு எல்லை இல்லை. துபாயில் 828 மீட்டர் உயரமுள்ள கட்டடம் 2010இலேயே திறக்கப்பட்டுவிட்டது. அவ்வளவு உயரத்துக்கு ஆட்களை ஏற்றுகிறவர்களால் அங்கிருந்து ஒரு தண்டவாளத்தைக் கீழே இறக்க முடியாதா என்ன? முடியும். ஆனால் இறக்கவில்லை. உலகத்தின் மிக உயரமான ரோலர் கோஸ்டர் அந்தக் கட்டடத்தில் நாலில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை. இடையில் எது தடுக்கிறது என்று கேட்கும்போதுதான் விஷயம் பொறியாளரின் மேசையிலிருந்து நம் பக்கம் வருகிறது.

தடுப்பது மனித உடல் என்பது என் வாதம். அந்த உடலின் எல்லை 1895இலேயே தொடப்பட்டுவிட்டது என்பதும், அதற்குப் பிறகு உயரத்தின் பெயரால் பெருகிக்கொண்டே வந்தது நிலமும் முதலீடும்தான் என்பதும் அதன் தொடர்ச்சி.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. நான் இருப்பது கூடுவாஞ்சேரியில். இங்கிருந்து நெல்லிக்குப்பம் வழியாகத் திருப்போரூர் போகும் திசையில், இள்ளலூரில், 2025 டிசம்பரில் வொண்டர்லா நிறுவனத்தின் பொழுதுபோக்குப் பூங்கா திறக்கப்பட்டது. 60 ஏக்கருக்கு மேல் நிலம், 600 கோடி ரூபாய்க்கு மேல் முதலீடு. அதன் பெருமையாக நிறுத்தப்பட்டிருப்பது, சுவிட்சர்லாந்தின் பொல்லிகர்-மபியார் நிறுவனம் செய்த, தண்டவாளத்துக்குக் கீழே இருக்கைகள் தொங்கும் ரோலர் கோஸ்டர். பெயர் தஞ்சோரா. அந்தப் பெயரில் தஞ்சாவூர் காதில் விழாமல் போகாது. திறப்பு விழா முடிந்த வாரம் என் அக்கா மகன் கேட்டான்: "மாமா, இதுக்கு மேல இன்னும் எவ்ளோ ஒசரம் கட்டுவாங்க?" பத்து வயதுப் பையனின் கேள்விதான். ஆனால் விளம்பரப் பலகைகள் கேட்க வைக்கும் கேள்வியும் இதுவேதான் என்பதைக் கவனிக்க வேண்டும்.

சினிமாவைப் பற்றி நம்மிடையே பக்கம் பக்கமாக எழுதியாயிற்று. தீம் பார்க்கைப் பற்றி ஒரு வரி இல்லை. மலினமான கேளிக்கை என்று ஒதுக்கிவிட்டால் அதைப் பற்றிப் பேசும் உரிமை முழுக்க விளம்பரக்காரனுக்குப் போய்விடுகிறது.

2

முதலில் இந்த எந்திரம் எங்கிருந்து வந்தது என்று பார்க்கலாம். வழக்கமாகச் சொல்லப்படும் வம்சாவளி ருஷ்யாவில் தொடங்கும். 18ஆம் நூற்றாண்டில் பீட்டர்ஸ்பர்க் பக்கம் மரச்சாரம் கட்டி, பனிக்கட்டி பாவி, குளிர்காலத்தில் சறுக்கினார்கள். அதைப் பார்த்து 1817இல் பாரிஸ்காரர்கள் சக்கரம் வைத்த வண்டிகளோடு 'ருஷ்ய மலைகள்' கட்டினார்கள். இது அரண்மனை வழி வந்த கதை.

இன்னொரு கதை சுரங்க வழி வந்தது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் மாச் சங்க் என்ற ஊர். 1827இல் மலைமேல் இருந்த நிலக்கரியைக் கீழே இறக்க ஒரு தண்டவாளம் போட்டார்கள். நிலக்கரி வண்டிகள் தம் எடையிலேயே உருண்டு இறங்கும். காலி வண்டிகளைக் கோவேறு கழுதைகள் மேலே இழுக்கும். அந்தக் கழுதைகளும் ஒரு வண்டியில் ஏறிச் சரக்கோடு சரக்காகக் கீழே இறங்கும். 1870களில் நிலக்கரிக்கு வேறு பாதை கிடைத்ததும் இந்தத் தண்டவாளம் சுற்றுலாப் பயணிகளுக்கானதாயிற்று. கழுதை உட்கார்ந்த இடத்தில் கனவான்கள் காசு கொடுத்து உட்கார்ந்தார்கள். இந்த மாதிரியை மனதில் வைத்துத்தான் 1884இல் லாமார்க்கஸ் தாம்ப்ஸன் நியூயார்க்கின் கோனி தீவில் தன் ரயிலைக் கட்டினார். கட்டணம் 5 சென்ட். வேகம் மணிக்குப் பத்து கிலோமீட்டர் இருந்தால் அதிகம்.

ஆக, ரோலர் கோஸ்டர் என்பது வேலையிலிருந்து ஓய்வு பெற்ற எந்திரம். இதை வெறும் வரலாற்றுச் சுவாரசியமாக விட்டுவிடக் கூடாது. கேளிக்கை என்பது உழைப்பின் நீட்சி என்று அடோர்னோவும் ஹோர்க்ஹைமரும் 1940களில் எழுதியதும், பூங்காவில் மோதிவிளையாடும் கார்கள் தேர்ச்சியற்ற தொழிலாளிக்கு ஆலை தரும் பயிற்சியின் ருசியையே தருகின்றன என்று 1939இல் பெஞ்சமின் குறிப்பிட்டதும் இங்கே நினைவுக்கு வர வேண்டும். கூடுவாஞ்சேரியில் நின்று பார்த்தால் இது தத்துவமாகத் தெரியாது. காலை ஆறு மணிக்கு ஜிஎஸ்டி சாலையில் கம்பெனி பஸ்கள் வரிசையாக நிற்கும். மறைமலை நகர், ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர். பெல்ட்டின் வேகத்துக்குக் கையை ஓட்டி எட்டு மணி நேரம் நின்ற உடல், லீவு நாளில் குடும்பத்தோடு வரிசையில் நின்று, சீட்டு வாங்கி, இன்னொரு பெல்ட்டால் கட்டப்பட்டு, இன்னொரு எந்திரத்தின் வேகத்துக்குத் தன்னை ஒப்புக்கொடுக்கிறது. ஒரே ஒரு வித்தியாசம், இங்கே கத்தலாம்.

பக்தினைப் படித்த நண்பர்கள் சிலர் இதைத் திருவிழாவின் தொடர்ச்சியாக வாசிக்கக்கூடும். எனக்கு அதில் உடன்பாடில்லை. திருவிழாவில் ஒழுங்கு கொஞ்ச நேரமாவது தலைகீழாகும். இங்கே தலைகீழாவது உடல் மட்டும்தான். வரிசை, கட்டணம், அதிகக் கட்டணம் கொடுத்தவருக்குத் தனி வரிசை எல்லாம் நேராகவே நிற்கின்றன.

3

இனி இயற்பியல். கொஞ்சம் கணக்குதான், தாண்டிப் போய்விட வேண்டாம். அரசியல் இதற்குள்தான் இருக்கிறது.

உயரத்திலிருந்து விழும் வண்டியின் வேகம் உயரத்தோடு அதே அளவில் கூடுவதில்லை, அதன் வர்க்கமூலத்தோடுதான் கூடுகிறது. காற்றுத்தடையை மறந்துவிட்டுப் பார்த்தால், 40 மீட்டரிலிருந்து இறங்கும் வண்டி தரைக்கு வரும்போது மணிக்குச் சுமார் 100 கிலோமீட்டர். மகாராஷ்டிரத்தின் இமாஜிக்கா பூங்காவில் உள்ள நைட்ரோ ஏறக்குறைய இந்த உயரம்தான். இதை இரட்டிப்பாக்கி 200 வேண்டுமென்றால் உயரத்தை 80 ஆக்கினால் போதாது, 160 ஆக்க வேண்டும். நாலு மடங்கு எஃகு, நாலு மடங்கு ஏற்றம், கிடைப்பது இரண்டு மடங்கு வேகம்.

ஆனால் உடலுக்கு வேகம் தெரியாது. ரயிலில் கண்ணை மூடி உட்கார்ந்தால் 100 கிலோமீட்டரும் ஒன்றுதான், நின்றிருப்பதும் ஒன்றுதான். உடலுக்குத் தெரிவது வேகத்தில் வரும் மாற்றம். இறங்கிய வண்டி அடியில் வளைந்து மேலே திரும்பும்போது இருக்கை நம்மைத் தள்ளுகிறது, நம் எடை பல மடங்கானது போல் இருக்கிறது. இதை 'ஜி' என்ற அலகில் சொல்வார்கள். சும்மா உட்கார்ந்திருந்தால் 1 ஜி. 60 கிலோ ஆள் 4 ஜியில் 240 கிலோவாகக் கனப்பார். தலையிலிருந்து ரத்தம் காலுக்கு இறங்கும். பயிற்சியில்லாத ஒருவர் 4, 5 ஜியைச் சில நொடிகளுக்கு மேல் தாங்கினால் பார்வை மங்கும், பிறகு நினைவு தப்பும். போர்விமானிகள் இதற்கென்றே தனி உடை போடுகிறார்கள், பல ஆண்டு பயிற்சி எடுக்கிறார்கள். குழந்தையோடு வரும் குடும்பத்துக்கு அந்தப் பயிற்சி கிடையாது.

எனவே வடிவமைப்பாளர் முதலில் நிர்ணயிப்பது ஜியைத்தான். அடி வளைவில் 4 ஜிக்கு மேல் போகக் கூடாது என்று வைத்துக்கொள்வோம். கணக்கைப் போட்டால், வளைவின் ஆரம் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்காவது இருக்க வேண்டும் என்று வரும். 40 மீட்டர் உயரத்துக்கு 27 மீட்டர் ஆரம். 160 மீட்டர் உயரத்துக்கு 107 மீட்டர். உயரம் எத்தனை மடங்கோ வளைவும் அத்தனை மடங்கு விரிய வேண்டும். ஒரு வளைவுக்கே இப்படி என்றால் மொத்தப் பாதைக்கும் எவ்வளவு நிலம் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். அதோடு, பெரிய வளைவைக் கடக்க நேரமும் கூடுகிறது. அதிக நேரம் அழுத்தினால் உடல் தாங்கும் ஜி குறைகிறது. அதனால் வளைவை இன்னும் விரிக்க வேண்டியிருக்கிறது.

இதன் பொருள் விசித்திரமானது. உயரம் கூடக் கூட ரோலர் கோஸ்டர் உடலுக்குக் கூடுதல் கடுமையைத் தருவதில்லை. தர முடியாது. அதே 4 ஜியைக் கூடுதல் நிலத்தில் பரப்பித் தருகிறது, அவ்வளவுதான்.

கடுமை வேண்டுமென்றால் உயரமே வேண்டாம் என்பதற்குச் சரித்திரச் சான்று இருக்கிறது. 1895இல் கோனி தீவில் ஃப்ளிப் ஃப்ளாப் என்று ஒன்று கட்டினார்கள். அதன் வளையம் எட்டு மீட்டர்கூட இல்லை, இரண்டு மாடி வீட்டின் உயரம். ஆனால் அது சுத்தமான வட்டம். சுத்த வட்டத்தில் உச்சியில் வண்டி விழாமல் இருக்கத் தேவையான வேகத்தோடு நுழைந்தாலே அடியில் 6 ஜி வந்துவிடும். கொஞ்சம் கூடுதல் வேகம் போனால் 10ஐத் தாண்டும். வந்தவர்களுக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது, சில வருஷங்களிலேயே மூடினார்கள். சவாரி செய்தவர்களைவிட வேடிக்கை பார்த்தவர்களே அதிகம். 1976இல் ஆன்டன் ஷ்வார்ட்ஸ்கோப்ஃபும் வெர்னர் ஷ்டெங்கலும் கலிஃபோர்னியாவில் கட்டிய ரோலர் கோஸ்டரில் வளையத்தைக் கண்ணீர்த்துளி வடிவத்துக்கு மாற்றினார்கள். அடியில் ஆரம் பெரிது, உச்சியில் சிறிது. எந்திரத்தின் கோணத்தைக் கைவிட்டு உடலின் கோணத்திலிருந்து கோடு வரைந்தார்கள் என்று சொல்லலாம். நூறாண்டில் இந்தத் துறை கற்ற பெரிய பாடம் இதுதான் என்று நினைக்கிறேன்.

4

அப்படியானால் உயரம் ஏன் இன்னும் விற்கிறது? அனுபவமாக அது விற்பதில்லை, எண்ணாக விற்கிறது. 'உலகத்திலேயே' என்ற சொல்லை உற்பத்தி செய்யும் கருவியாக ரோலர் கோஸ்டர் மாறியது இதனால்தான்.

சில எண்கள். 2003இல் அமெரிக்காவின் ஒஹையோவில் டாப் த்ரில் டிராக்ஸ்டர் 128 மீட்டர். இரண்டே ஆண்டில், 2005இல், நியூஜெர்சியில் கிங்டா கா 139 மீட்டர். சீரங்கத்தின் ராஜகோபுரம் 73 மீட்டர் என்றால் கிட்டத்தட்ட இரண்டு ராஜகோபுரம். சவாரி மொத்தம் அரை நிமிடம். காற்று பலமாக அடித்தால் நிறுத்திவிடுவார்கள். மூன்றரை நொடியில் மணிக்கு 206 கிலோமீட்டருக்குத் தள்ளும் ஹைட்ராலிக் எந்திரம் அடிக்கடி மக்கர் செய்தது. முதலாவது கோஸ்டரில் 2021இல் ஓர் இரும்புத்துண்டு கழன்று, வரிசையில் நின்றிருந்த ஒரு பெண்ணின் தலையில் அடித்தது. அவர் சவாரியில்கூட இல்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். கிங்டா காவை 2025 பிப்ரவரியில் வெடிவைத்துத் தகர்த்தார்கள். உலகச் சாதனையின் ஆயுள் இருபது வருஷம். ஆர்லண்டோவில் 174 மீட்டரில் ஒன்று வரப்போகிறது என்று 2010களில் ஏகப்பட்ட பேச்சு. கட்டப்படவே இல்லை.

இப்போது சாதனை சவூதி அரேபியாவுக்குப் போயிருக்கிறது. ரியாத் அருகே கித்தியாவில் 2025 முடிவில் திறக்கப்பட்ட ஃபால்கன்ஸ் ஃப்ளைட். நிறுவனம் அறிவித்த அளவு 195 மீட்டர் உயரம், மணிக்கு 250 கிலோமீட்டர் வேகம், நாலு கிலோமீட்டருக்கு மேல் நீளம். இதிலே இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். ஒன்று, அந்த உயரத்தின் ஒரு பகுதி எஃகு இல்லை, மலைச்சரிவு. இயற்கையின் உயரத்தை எந்திரத்தின் கணக்கில் எழுதிக்கொள்வது. இரண்டு, ஈர்ப்பை மட்டும் நம்பி 250 கிலோமீட்டரை எட்ட வேண்டுமானால் ஏறக்குறைய 246 மீட்டரிலிருந்து விழ வேண்டும், காற்றுத்தடையையும் சேர்த்தால் அதற்கும் மேலே. அதனால் காந்த மோட்டார்கள் வைத்துத் தள்ளுகிறார்கள். உயரம் தன் வேலையைச் செய்ய முடியாமல் மின்சாரத்தைக் கூப்பிடும் கட்டம் வந்துவிட்டது. அபுதாபியில் 240 கிலோமீட்டரில் ஓடும் இன்னொன்றில் (2010) கண்ணாடி மாட்டாமல் உட்கார முடியாது. அந்த வேகத்தில் காற்றில் வரும் தூசியும் பூச்சியும் கண்ணைக் குத்திவிடும்.

ஆக வருங்காலம் எப்படி இருக்கும் என்றால், 200 மீட்டர் தாண்டும், 250 மீட்டரும் ஒருநாள் வரலாம். ஆனால் வருவது பாலைவனமும் பெட்ரோல் பணமும் அரசு ஆதரவும் ஒன்றாகச் சேர்ந்த இடங்களில்தான் வரும். செங்கல்பட்டு மாவட்டத்தில் வராது. இங்கே ஏரிக்கும் வீட்டுமனைக்கும் நடுவில் அந்த ஆரத்துக்கு நிலம் இல்லை. விமானத் தளங்களுக்குப் பக்கத்தில் எதை உயர்த்தவும் தனி அனுமதி வேண்டும். இங்கே வருவது உயரத்தின் மொழி. உயரமில்லாமலே உயரம் என்று விற்கும் மொழி. அந்த மொழிக்குச் சலுகையும் உண்டு. இள்ளலூர்ப் பூங்காவின் திட்டம் உள்ளாட்சி கேளிக்கை வரி காரணமாகப் பல வருஷம் தள்ளிப்போனது. வரியிலிருந்து சில ஆண்டுகளுக்கு விலக்கு கிடைத்த பிறகே வேலை நகர்ந்தது. கேளிக்கை வரி ஊராட்சியின் குடிநீர்க் குழாயாகவும் தெருவிளக்காகவும் மாறக்கூடிய பணம். உயரத்தின் விலையை யார் கட்டுகிறார்கள் என்ற கேள்வி நியூஜெர்சியில் மட்டும் இல்லை, நெல்லிக்குப்பம் சாலையிலும் இருக்கிறது.

5

உயரத்தில் தூக்கிச் சுழற்றப்படும் உடல் தமிழ்ச் சமூகத்துக்குப் புதிதல்ல. செடில் மரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். முதுகுச் சதையில் கொக்கி மாட்டி, கம்பத்தின் உச்சியில் உள்ள குறுக்கு மரத்தில் கட்டி, ஊர் பார்க்கச் சுற்றிவிடுவார்கள். 19ஆம் நூற்றாண்டில் பாதிரிமார்கள் இதைக் காட்டுமிராண்டித்தனம் என்று எழுதினார்கள், சென்னை அரசாங்கம் விசாரித்தது, அடக்கியது. ஆனால் கொக்கியில் தொங்கியவர் பெரும்பாலும் யார்? ஊரின் நன்மைக்காக, மிராசுதாரின் நேர்த்திக்காகத் தொங்கிய தாழ்த்தப்பட்ட சாதி உடல்கள் அதில் நிறைய. பார்த்தவர்கள் மற்றவர்கள். இன்றும் கிரேனில் பறவைக்காவடி தொங்குகிறது. தலைசுற்றலைத் தேடுவதை விளையாட்டின் நாலு வகைகளில் ஒன்றாக ரொஜே கயுவா 1958இல் வகுத்தார். அந்தத் தலைசுற்றலை யார் உடலில் யார் அனுபவிக்கிறார்கள் என்ற சாதிக் கேள்வியை நாம்தான் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

தீம் பார்க்கில் இது மாறிவிட்டது, காசு கொடுத்தவரே தொங்குகிறார், இது ஜனநாயகம் இல்லியா என்று கேட்கலாம். பாதி சரி. ஆனால் வேறொரு உடல் மறைக்கப்படுகிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் விஜிபி பூங்காவுக்குப் போன எவருக்கும் அங்கே நின்ற சிலை மனிதரை நினைவிருக்கும். மணிக்கணக்கில் அசையாமல், கண்ணிமைக்காத மாதிரி நிற்பார். அவரைச் சிரிக்க வைக்கக் குடும்பங்கள் முயன்று தோற்கும். நாம் அசைக்கப்படுவதற்குப் பணம் கொடுக்கிறோம், அவர் அசையாமல் இருப்பதற்குச் சம்பளம் வாங்கினார். கேளிக்கைத் தொழிலின் முழுச் சித்திரமும் இந்த இரண்டு உடல்களுக்கு நடுவில் இருக்கிறது.

2016 மே மாதம் தாம்பரம் பக்கம் கிஷ்கிந்தா பூங்காவில் ஒரு புதிய சாதனத்தைச் சோதனை ஓட்டம் பார்த்தபோது அது சரிந்தது. ஒருவர் இறந்தார், பலர் காயப்பட்டார்கள். உட்கார்ந்திருந்தவர்கள் வாடிக்கையாளர்கள் இல்லை. அங்கே வேலை செய்தவர்கள். 2025 மே மாதம் விஜிபியில் ஒரு சாதனம் உயரத்தில் நின்றுபோய், முப்பது பேர் போல மணிக்கணக்கில் மேலேயே மாட்டிக்கொண்டார்கள். தீயணைப்புத் துறை வந்து இறக்கியது. இரண்டாவது செய்தி நாடெங்கும் ஓடியது, வீடியோவாகச் சுற்றியது. முதலாவது எத்தனை பேருக்கு இன்று ஞாபகம் இருக்கிறது?

எங்கள் தெருவில் ஒரு தம்பி ஏதோ ஒரு பூங்காவில் ஆபரேட்டராக இருக்கிறார். பூங்காவின் பெயர் வேண்டாம். "காலைல மொத ரவுண்டு காலியா வுடுவோம்ணா. அப்பறம் வெயிட்டு வெச்சு. அப்பறம் எங்க ஆளுங்களே ரெண்டு பேர் ஒக்காருவோம்" என்றார். பயமா இருக்காதா என்றேன். "மொத வாரம் இருக்கும். அப்பறம் ஜனங்க கத்துறதுதான் காதுல நிக்கும், ஊட்டுக்கு வந்தாலும்" என்றார். எந்திரத்தின் எல்லையை முதலில் தொட்டுப் பார்க்கும் உடல் எது என்பதை இதைவிடத் தெளிவாக எந்தக் கோட்பாடும் எனக்குச் சொன்னதில்லை.

6

இந்த உயர வேட்கையைக் கடைசிவரை கொண்டுபோனால் எங்கே முடியும்? அதையும் ஒருவர் வரைந்து காட்டிவிட்டார். லித்துவேனியக் கலைஞர் யூலியோனாஸ் உர்போனாஸ் 2010இல் லண்டனில் ஒரு மாதிரி வடிவத்தை முன்வைத்தார். 510 மீட்டர் உயரம், அதற்குப் பிறகு ஏழு வளையங்கள். வளையங்கள் ஒன்றைவிட ஒன்று சிறிதாகிக்கொண்டே போகும், அதனால் வேகம் குறைந்தாலும் 10 ஜி குறையாது. ஒரு நிமிடம் நீடிக்கும் அந்தச் சுமையில் மூளைக்கு ரத்தம் போகாமல் பயணி இறந்துவிடுவார். கட்டுவதற்கான திட்டம் இல்லை அது, ஒரு கலைப்படைப்பு. பலர் அதைப் பார்த்து அருவருத்தார்கள். ஆனால் அதன் தர்க்கத்தில் பிழையே இல்லை. மற்ற எல்லா வடிவமைப்பாளர்களும் ஒளித்து வைத்திருந்த எல்லைக்கோட்டை அவர் வெளியே வரைந்தார். 'இன்னும், இன்னும்' என்ற சொல்லாடல் உடலை மதிக்காமல் நேர்கோட்டில் போனால் சேருமிடம் இதுதான். உடலை மதித்தால் உயரம் வெறும் எண்ணாகிவிடும். மூன்றாவது வழி இல்லை.

நான் தீம் பார்க்குக்கு எதிரியில்லை. மாமல்லபுரத்தில் வெண்ணெய்ப் பந்துப் பாறைக்குப் பக்கத்துச் சரிவில் குழந்தைகள் தலைமுறை தலைமுறையாகச் சறுக்கிச் சறுக்கிப் பாறையே வழவழவென்று ஆகியிருக்கிறது. அங்கேயும் 2019 முதல் தொல்லியல் துறை நுழைவுச்சீட்டு வைத்துவிட்டது, அது வேறு கதை. விழுவதில் மனிதனுக்கு ஓர் ஆனந்தம் இருக்கிறது. அந்த ஆனந்தத்துக்குச் சில மீட்டர் சரிவே போதும். இதை மறுக்கிற இடதுசாரித் தூய்மைவாதம் எனக்கு வேண்டாம்.

என் அக்கா மகனுக்கு நான் இவ்வளவும் சொல்லவில்லை. இருநூறு மீட்டர் சுலபமா போவாங்கடா, ஆனா உன் வயித்துல வர்ற அந்த 'கப்'புக்கு நாப்பது மீட்டரே ஜாஸ்தி என்று மட்டும் சொன்னேன். செயல்பாட்டாளர்களான நண்பர்களுக்குச் சொல்ல வேண்டியது வேறு. நம் மாவட்டத்தில் அடுத்த ரைடு திறக்கும்போது அது எவ்வளவு உயரம் என்று பத்திரிகைகள் கேட்கும். நாம் கேட்க வேண்டியவை மூன்று. ஆய்வறிக்கை பொதுமக்கள் படிக்கும்படி வாசலில் ஒட்டப்பட்டிருக்கிறதா? சோதனை ஓட்டத்தில் உட்காருகிறவருக்கு நிரந்தர வேலையும் காப்பீடும் உண்டா? ஊராட்சிக்கு விட்டுக்கொடுக்கப்பட்ட வரி எவ்வளவு? இந்த மூன்றுக்கும் பதில் சொல்ல எந்த உயரத்திலும் ஏறத் தேவையில்லை. தரையில் நின்றே சொல்லலாம்.